பாதாளம் வேறு, நரகம் வேறு

ஓய்வுநாள் பள்ளியில் யோசேப்பின் கதையை நடத்திக்கொண்டிருந்தேன். பலவருண அங்கி, அண்ணன்மாரின் பொறாமை, தண்ணீரில்லாத குழி எல்லாம் முடிந்து, இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டுகிற இடத்துக்கு வந்திருந்தோம். மகனைக் காட்டு மிருகம் தின்றுவிட்டது என்று நம்பி அழுகிற யாக்கோபை யாராலும் தேற்ற முடியவில்லை. அவர் சொன்னதை வேதாகமத்திலிருந்தே வாசித்தேன்: “நான் துக்கத்தோடே என் குமாரனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன்.”

ஏழாவது படிக்கிற ஒரு பெண் கையைத் தூக்கினாள். “அக்கா, யாக்கோபு நல்லவர்தானே? அவர் ஏன் நரகத்துக்குப் போவேன்னு சொல்றார்? சின்னப் பையன் யோசேப்பும் அங்கேதான் இருக்கான்னு நினைச்சாரா?”

அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது. நம் தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு ‘நரகம்’ என்று சொல்லவே இல்லை. ‘பாதாளம்’ என்றுதான் சொன்னார். அதை நரகம் என்று மாற்றிக் கேட்டது அவள் காது. அவளுடைய காது மட்டுமல்ல, நம்மில் பெரும்பாலோருடைய காதும் அப்படித்தான் பழகியிருக்கிறது. பாதாளம், நரகம், அக்கினிக்கடல், நித்திய ஆக்கினை எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி ‘நரகம்’ என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பானையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எபிரெயு, கிரேக்கம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் வேதாகமம் போதும்.

முதலில் யாக்கோபு சொன்ன சொல். பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரெயு மொழியில் எழுதப்பட்டது. அதில் இந்த இடத்தில் இருக்கும் சொல் ‘ஷியோல்’. பழைய ஏற்பாடு முழுக்க ஏறக்குறைய 65 இடங்களில் வருகிறது. பொருள் மிகவும் எளிது: செத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேரும் இடம். நல்லவர், கெட்டவர், ராஜா, அடிமை என்ற வித்தியாசமே அங்கே கிடையாது. பூமிக்குக் கீழே, இருட்டில், தூசியில், சத்தமில்லாமல் கிடக்கும் ஓர் இடமாக அதை அந்தக் காலத்து மக்கள் நினைத்தார்கள். அங்கே நெருப்பு இல்லை. தண்டனை கொடுப்பவர்களும் இல்லை. பிரசங்கி 9:10 அதைப் பற்றிச் சொல்வது இதுதான்: “நீ போகிற பாதாளத்திலே செய்கையும் வித்தையும் அறிவும் ஞானமும் இல்லையே.” அங்கே கொடுமை நடக்கிறது என்று பிரசங்கி பயப்படவில்லை. அங்கே ஒன்றுமே நடப்பதில்லை என்பதுதான் அவருடைய துக்கம்.

எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போனார்கள் என்பதற்குச் சவுலின் கதையைப் பாருங்கள். தேவனால் புறக்கணிக்கப்பட்ட சவுல், எந்தோரில் குறி சொல்லும் ஒரு பெண்ணிடம் போய், இறந்துபோன சாமுவேலை எழுப்பச் சொல்கிறார். எழும்பி வந்த சாமுவேல் சவுலிடம் சொல்வது: “நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள்.” தீர்க்கதரிசி சாமுவேல், கைவிடப்பட்ட ராஜா சவுல், அவருடைய மகனும் தாவீதின் உயிர்த்தோழனுமான யோனத்தான் மூன்று பேருக்கும் ஒரே இடம். நரகம் என்று இதைப் படித்தால் தலை சுற்றும். ஷியோல் என்று படித்தால் ஒரு சிக்கலும் இல்லை.

யோபுவோ ஒரு படி மேலே போகிறார். தாங்க முடியாத வேதனையில் அவர் ஜெபிக்கிறார்: “நீர் என்னைப் பாதாளத்தில் ஒளித்து, உமது கோபம் தீருமட்டும் என்னை மறைத்து” வைத்தால் நலமாயிருக்குமே என்று. அவருக்குப் பாதாளம் ஒளிந்துகொள்ளும் இடம். எந்த மனிதராவது எரிகிற நரகத்தில் தன்னை ஒளித்துவைக்கும்படி கேட்பாரா?

இங்கே ஆங்கில வேதாகமத்தைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். நம்மூரில் பிரசங்கம் செய்பவர்களில் பலர் ஆங்கில நூல்களைப் படித்துத் தயாரிப்பவர்கள், அந்தக் குழப்பம் அவர்கள் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. 1611-ல் வெளிவந்த புகழ்பெற்ற கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, ஷியோல் என்ற இந்த ஒரே சொல்லை 31 இடங்களில் ‘கிரேவ்’ என்றும், 31 இடங்களில் ‘ஹெல்’ என்றும், 3 இடங்களில் ‘பிட்’ என்றும் பெயர்த்தது. கல்லறை, நரகம், குழி. எதை வைத்துப் பிரித்தார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் ஆளை வைத்து! யாக்கோபு போன்ற நல்லவர் போனால் கல்லறை, துன்மார்க்கர் போனால் நரகம். மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர்கள் வழங்கிவிட்டார்கள்.

அதுவும் யாக்கோபின் விஷயத்தில் கல்லறை என்ற சொல் பொருந்தவே இல்லை. யோசேப்பை மிருகம் தின்றுவிட்டது என்றல்லவா அவர் நம்பினார்? உடலே கிடைக்காத பிள்ளைக்கு ஏது கல்லறை? “என் குமாரனிடத்தில் இறங்குவேன்” என்று அவர் சொன்னது மண்ணில் தோண்டிய குழியை அல்ல. இறந்த மகன் எங்கே இருக்கிறானோ அங்கே நானும் போகிறேன் என்ற ஒரு தகப்பனின் ஏக்கம் அது.

அதே கிங் ஜேம்ஸில் புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், வேறு மூன்று கிரேக்கச் சொற்களும் ‘ஹெல்’ என்ற அதே சொல்லுக்குள் போய் விழுந்தன. ஆக நான்கு மூலச் சொற்கள், ஆங்கிலத்தில் ஒரே சொல். மொத்தம் 54 இடங்கள். அந்த ‘ஹெல்’ என்ற சொல்லே வேதாகமத்தில் பிறந்ததல்ல. ‘மூடி மறைத்தல்’ என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. வடபுலத்துப் பழங்கதைகளில் இறந்தவர்களின் உலகத்துக்கும் அதை ஆளும் பெண்ணுக்கும் ‘ஹெல்’ என்றே பெயர். பின்னால் 1885-ல் வந்த ஆங்கிலத் திருத்திய பதிப்பு, பல இடங்களில் ஷியோல் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டது. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பலவும் அந்த வழியில்தான் போகின்றன.

இனி தமிழுக்கு வருவோம். எனக்கு மிகவும் பெருமையாக இருக்கும் இடம் இது.

1714-15-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதிலிருந்து தமிழில் வேதாகமம் பல கைகள் மாறி வந்திருக்கிறது. பெப்ரீசியஸ், இரேனியஸ் என்று பலர் உழைத்தார்கள். ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு திருத்தி, 1871-ல் முழு வேதாகமமாக வெளிவந்ததுதான் நம் வீடுகளில் இன்றும் இருக்கும் பழைய திருப்புதல். அதில் ஷியோல் பெரும்பாலும் ‘பாதாளம்’ என்றே வருகிறது. ஆளுக்கு ஏற்ப அவர்கள் சொல்லை மாற்றவில்லை. யாக்கோபுக்கும் பாதாளம், யோபுவுக்கும் பாதாளம், பூமி பிளந்து விழுங்கிய கோராகின் கூட்டத்தாருக்கும் பாதாளம்.

சொல்லைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் பாருங்கள். பாதாளம் நம் மண்ணில் ஏற்கெனவே இருந்த சொல். அதலம், விதலம், சுதலம் என்று போகும் கீழேழு உலகங்களில் கடைசி. புராணங்களில் அது தண்டனைக் கூடம் அல்ல. நாகர்கள் வாழும் இடம், வாமனன் காலால் அழுத்தி மாபலியை அனுப்பிய இடம். பூமிக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். நரகம் அதிலிருந்து தனி. பாவம் செய்த உயிர் வேதனைப்படும் இடம் அது. “நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்” என்று அப்பர் பாடிய 7-ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லுக்குத் தமிழில் அந்தப் பொருள் ஊறிப்போயிருந்தது. அதற்கும் முன்னால் குறளில் ‘அளறு’ என்று வருகிறது. சேறு என்றும் பொருள், நரகம் என்றும் பொருள். கீழே இருக்கும் இடத்துக்கு ஒரு சொல், தண்டனைக்கு ஒரு சொல் என்று தமிழ் இரண்டையும் தயாராக வைத்திருந்தது. மொழிபெயர்த்தவர்கள் ஷியோலுக்கு முதல் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் தொலைத்த வித்தியாசம் தமிழில் தப்பிப் பிழைத்தது.

எல்லா இடத்திலும் தப்பியது என்று சொல்ல முடியாது. சங்கீதம் 9:17-ஐத் திறந்து பாருங்கள்: “துன்மார்க்கரும், தேவனை மறக்கிற எல்லா ஜாதிகளும், நரகத்திலே தள்ளப்படுவார்கள்.” துண்டுப் பிரசுரங்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். மூலத்தில் இங்கே இருப்பதும் அதே ஷியோல்தான். ‘தள்ளப்படுவார்கள்’ என்பதற்கு எபிரெயுவில் உள்ள வினையும் ‘திரும்பிப் போவார்கள்’ என்ற பொருள் தருவது. கொடியவர்கள் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் செத்து மண்ணுக்குக் கீழேதான் போவார்கள் என்று சங்கீதக்காரர் பாடுகிறார். துன்மார்க்கர் என்றதும் மொழிபெயர்ப்பாளரின் கை தானாக நரகத்துக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

சரி, கிரேக்கச் சொற்கள் என்ன? கிறிஸ்துவுக்கு முன் 3-ஆம் நூற்றாண்டு தொடங்கி யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். செப்துவஜிந்த் என்று அதற்குப் பெயர். ஷியோலுக்கு அவர்கள் தேடிப் பிடித்த சொல் ‘ஹேடீஸ்’. கிரேக்கர்களுக்கும் இறந்தவர்களின் உலகம் அதுதான், அதனால் நன்றாகவே பொருந்தியது. புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வரும் இடங்களில் தமிழ் வேதாகமம் பாதாளம் என்கிறது. “பாதாளத்தின் வாசல்கள் அதை மேற்கொள்வதில்லை” என்று இயேசு சபையைப் பற்றிச் சொன்னாரே, அது ஹேடீஸின் வாசல்கள். மரணம் என் சபையை விழுங்க முடியாது என்பதே அதன் பொருள். சாத்தானின் கோட்டை வாசல் என்று விளக்கிக் கேட்டிருக்கிறேன். மூலச் சொல்லில் சாத்தானே இல்லை.

ஹேடீஸில் நெருப்பும் வேதனையும் வருகிற ஓர் இடம் உண்டு. லூக்கா 16, ஐசுவரியவானும் லாசருவும். அந்தக் காலத்துக்குள் யூதர்களின் எண்ணம் வெகுவாக மாறியிருந்தது. தானியேல் 12-இல், மண்ணில் நித்திரை செய்பவர்களில் சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய நிந்தைக்கும் எழுவார்கள் என்ற பேச்சு வருகிறது. தேவனுக்கு உண்மையாக இருந்ததற்காகவே மக்கள் கொல்லப்பட்டபோது, கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் கடைசியில் ஒரே இடமா என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. பாதாளத்திலும் நல்லவர்களுக்கு ஒரு பக்கம், கெட்டவர்களுக்கு ஒரு பக்கம் என்று பேச ஆரம்பித்தார்கள். இயேசுவின் கதை அந்தப் பின்னணியில் நிற்கிறது. மரணத்துக்குப் பின்னான உலகத்தின் வரைபடமாக அதை நான் படிப்பதில்லை. வாசலில் புண்களோடு கிடந்தவனைத் தாண்டித் தாண்டிப் போன பணக்காரனைப் பற்றிய கதை அது. வரைபடத்தில் கவனம் போனால் வாசலில் கிடக்கும் லாசருவை நாமும் தாண்டிப் போய்விடுவோம்.

‘தார்தரூ’ என்ற மூன்றாவது சொல் ஒரே ஒரு முறை, 2 பேதுரு 2:4-இல் வருகிறது. கிரேக்கக் கதைகளில் தோற்றுப்போன பழைய தெய்வங்களை அடைத்துவைத்த ஆழமான சிறைக்குத் தார்தரஸ் என்று பெயர். பேதுருவின் நிருபத்தில் பாவம் செய்த தூதர்களை அங்கே தள்ளியதாகச் சொல்லப்படுகிறது. மனிதர்கள் அங்கே போவதாக ஒரு வார்த்தையும் இல்லை. தமிழில் ‘நரகம்’ என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது நாம் உண்மையில் நரகம் என்று நினைக்கிற சொல்: ‘கெஹென்னா’. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கெஹென்னா ஓர் இடத்தின் பெயர். கே-இன்னோம், அதாவது இன்னோம் பள்ளத்தாக்கு. யோசுவா 15-இல் யூதா கோத்திரத்தின் எல்லையைச் சொல்லும்போது சாதாரணமாக வந்து போகிறது. எருசலேமின் பழைய நகரத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் வளைந்து போகும் பள்ளத்தாக்கு. இன்றும் இருக்கிறது, நடந்து போய்ப் பார்க்கலாம். ஒலிவ மரங்கள், புல்வெளி, குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் அங்கே உண்டு. யூதாஸின் பணத்தில் வாங்கிய அக்கெல்தமா நிலம் என்று மரபாகக் காட்டப்படும் இடமும் அதன் தெற்குச் சரிவில்தான்.

அந்தப் பள்ளத்தாக்குக்குக் கெட்ட பெயர் ஏன் வந்தது? ஆகாஸ், மனாசே என்ற இரண்டு யூத ராஜாக்கள் அங்கே தங்கள் பிள்ளைகளையே நெருப்பில் பலி கொடுத்தார்கள் என்று 2 நாளாகமம் பதிவு செய்கிறது. அந்தப் பலிமேடை இருந்த இடத்துக்குத் தோப்பேத் என்று பெயர். பிறகு வந்த யோசியா ராஜா, இனி யாரும் பிள்ளையைத் தீக்கடக்கப்பண்ணாதபடி அந்த இடத்தைத் தீட்டாக்கினார். எரேமியா அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது தேவனின் குரலில் ஓர் அதிர்ச்சி கேட்கிறது: “அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை.” இனி அது சங்காரப் பள்ளத்தாக்கு எனப்படும், புதைக்க இடமில்லாமல் போகுமட்டும் அங்கே பிணங்கள் குவியும் என்றும் எரேமியா எச்சரிக்கிறார்.

ஆகவே இயேசு கெஹென்னா என்றபோது, கேட்டுக்கொண்டிருந்த எருசலேம்காரனுக்கு முதலில் மனதில் வந்தது வானத்துக்கு அப்பால் உள்ள ஓர் இடமல்ல. ஊருக்கு வெளியே தினமும் கண்ணில் படுகிற, பெரியவர்கள் பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிற ஒரு பள்ளம். பிள்ளைகள் எரிந்த இடம். தேவன் தண்டிப்பேன் என்று சொன்ன இடம். இயேசுவின் காலத்துக்குள் கடைசி நியாயத்தீர்ப்பின் தண்டனைக்கே அந்தப் பெயர் அடையாளமாகியிருந்தது. நம்மூரில் ஒரு கோரம் நடந்த இடத்தின் பெயரே பின்னால் அந்தக் கோரத்துக்குப் பெயராகிவிடுகிறதே, அப்படி.

பிரசங்கங்களில் இன்னொன்று கேட்டிருப்பீர்கள். கெஹென்னா எருசலேமின் குப்பைமேடு, அங்கே இரவும் பகலும் குப்பை எரிந்துகொண்டே இருந்தது, அதைத்தான் இயேசு சொன்னார் என்று. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் இந்தச் செய்தி முதன்முதலில் எழுத்தில் வருவது கி.பி. 1200-ஐ ஒட்டி, பிரான்ஸின் நார்போன் நகரத்தில் வாழ்ந்த தாவீது கிம்ஹி என்ற யூத அறிஞர் சங்கீதம் 27-க்கு எழுதிய உரையில். இயேசுவுக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல் பிந்தியது. அதற்கு முந்தைய எழுத்திலும் மண்ணிலும் இதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அது தெரிந்த நாளிலிருந்து நான் குப்பைமேட்டை விட்டுவிட்டேன். குப்பை எரிந்தது என்பதைவிடப் பிள்ளைகள் எரிந்தார்கள் என்பது எவ்வளவு பயங்கரம்! எரேமியா எழுதிவைத்திருக்கும்போது நமக்குக் குப்பை எதற்கு?

சாவாத புழு, அவியாத நெருப்பு என்கிற வரியும் இங்கே சேர்ந்தது. “அவர்கள் புழு சாவாமலும் அக்கினி அவியாமலுமிருக்கும்” என்று மாற்கு 9-இல் வருவது ஏசாயாவின் கடைசி வசனத்திலிருந்து எடுத்தது. ஏசாயாவில் அது தேவனுக்கு விரோதமாகக் கலகம் செய்து செத்தவர்களின் பிணங்களைப் பற்றியது. நகரத்துக்கு வெளியே கிடக்கும் அந்தப் பிணங்களை மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். அந்தப் படத்தைத்தான் இயேசு எடுத்துப் பேசுகிறார்.

கெஹென்னா புதிய ஏற்பாட்டில் 12 முறை வருகிறது. 11 முறை இயேசுவின் வாயில், ஒரு முறை யாக்கோபின் நிருபத்தில் (இவர் யோசேப்பின் அப்பா அல்ல, வேறொரு யாக்கோபு), நாக்கைப் பற்றிப் பேசும் இடத்தில். பவுலின் நிருபங்களில் ஒரு தடவைகூட இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் அத்தனை பிரசங்கம் இருக்கிறது, ஒன்றிலும் இல்லை. தூரத்துக் கிரேக்க நகரமான கொரிந்துவில் இருந்தவனுக்கு இன்னோம் பள்ளத்தாக்கைத் தெரியாதே என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் என்னை அதிகம் நிற்கவைத்தது, இயேசு இதை யாரிடம் சொன்னார் என்பதுதான். பெரும்பாலும் சீஷர்களிடமும் மதத் தலைவர்களிடமும். சகோதரனை “மூடனே” என்கிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான் என்று சீஷர்களிடம். “நரகாக்கினைக்கு எப்படித் தப்பித்துக்கொள்ளுவீர்கள்?” என்று வேதபாரகரிடமும் பரிசேயரிடமும். ஆயக்காரரையும் பாவிகளையும் பார்த்து அவர் இந்தச் சொல்லை வீசியதாகச் சுவிசேஷங்களில் ஓர் இடமும் இல்லை. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

கெஹென்னாவுக்குத் தமிழில் ‘நரகம்’, ‘எரிநரகம்’ என்று போட்டது சரியான தேர்வா? தண்டனை என்ற அளவில் சரி. ஆனால் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்த படங்களும் நம் தலைக்குள் இறங்கிவிட்டன. எமகிங்கரர், கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, வகைவகையான வதை. வேதாகமத்தில் எண்ணெய்க் கொப்பரை கிடையாது. நரகத்தை ஆளும் சாத்தானும் கிடையாது. நித்திய அக்கினி பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும் ஆயத்தம்பண்ணப்பட்டது என்றுதான் மத்தேயு 25 சொல்கிறது. அவன் அங்கே அதிகாரி அல்ல, அகப்பட்டவன். ஐரோப்பாவிலும் இதே கதைதான்: 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் தாந்தே ஒன்பது வட்டங்களாக நரகத்தைப் பாடினார், ஓவியர்கள் அதை வரைந்தார்கள், அது வேதத்தில் இருப்பதாகவே மக்கள் நம்பினார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் புராண நரகத்தில் வினை தீர்ந்ததும் உயிர் வெளியே வந்து மறுபடி பிறக்கும். திருச்சபையின் பெரும்பான்மை மரபு சொல்லும் நரகத்துக்கு வெளியே வரும் வழியே இல்லை. ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன.

அந்தத் தண்டனை எவ்வளவு காலம்? மத்தேயு 25:46-இல் ‘நித்திய ஆக்கினை’, ‘நித்திய ஜீவன்’ இரண்டும் ஒரே வசனத்தில், ஒரே அடைமொழியோடு நிற்கின்றன. ஜீவன் முடிவில்லாதது என்றால் ஆக்கினையும் முடிவில்லாதது என்று 5-ஆம் நூற்றாண்டில் அகஸ்தீன் வாதிட்டார். பெரும்பாலான சபைகள் அவர் வழியில் நின்றன. மத்தேயு 10:28-இல் ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே ‘அழிக்க’ என்று இருக்கிறதே, அழிந்தது எப்படி என்றைக்கும் வேதனைப்படும் என்று கேட்பவர்களும் உண்டு. சோதோம் ‘நித்திய அக்கினியின்’ ஆக்கினையை அடைந்ததாக யூதாவின் நிருபம் சொல்கிறது, அந்த நெருப்பு இன்று எரியவில்லையே என்றும் அவர்கள் காட்டுகிறார்கள். அந்த நெருப்பு கடைசியில் சுத்திகரிக்கும், எல்லாரும் ஒருநாள் தேவனிடம் திரும்புவார்கள் என்று நம்பியவர்களில் 4-ஆம் நூற்றாண்டின் நிசாவூர் கிரகோரி போன்ற பெரியவர்களும் இருந்தார்கள். இந்தச் சண்டையை நான் ஒரு கட்டுரையில் தீர்க்கப் போவதில்லை. ஆனால் இந்த விவாதம் கெஹென்னாவைப் பற்றியது. அதற்குச் சான்றாக யாக்கோபின் பாதாளத்தையோ யோபின் பாதாளத்தையோ இழுத்து வந்து யாராவது பேசினால், அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

இரண்டையும் பிரித்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளிப்படுத்தின விசேஷம் 20:14 போதும். “அப்பொழுது மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டன.” கிங் ஜேம்ஸில் இதைப் படிப்பவருக்கு, நரகமே நரகத்தில் தள்ளப்பட்டது போலத் தோன்றும். தமிழில் படிக்கும் நமக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. இறந்தவர்களை இத்தனை காலம் பிடித்து வைத்திருந்த பாதாளம் அவர்களை ஒப்புவித்துவிட்டு, தானே ஒழிந்துபோகிறது. மரணம் சாகிறது.

இன்னோம் பள்ளத்தாக்கைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. 1979-இல் அதன் மேற்சரிவில், கேதேப் இன்னோம் என்ற இடத்தில், காபிரியேல் பார்க்காய் என்ற தொல்லியல் அறிஞர் பழைய கல்லறைக் குகைகளைத் தோண்டினார். அங்கே இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. தாயத்துக்குள் வைக்கும் தகடு போல, கழுத்தில் கட்டிக்கொள்ளும் அளவு. சிறியது விரித்த பிறகும் 4 சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. உடையாமல் விரிக்க வருஷக்கணக்கில் ஆனது. உள்ளே கீறியிருந்த எழுத்துகளில் எண்ணாகமம் 6-இல் வரும் ஆசாரிய ஆசீர்வாதம் இருந்தது. ஆராதனை முடிவில் சபைப் போதகர் கையை உயர்த்திச் சொல்வாரே, “கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்”, அதே வார்த்தைகள். ஏறக்குறைய எரேமியா வாழ்ந்த காலத்தை ஒட்டியவை. வேதாகம வசனம் எழுதியதாக இன்று நம்மிடம் இருப்பவற்றில் இவைதான் மிகப் பழையவை. நரகத்துக்குப் பெயர் கொடுத்த பள்ளத்தாக்கின் ஓரத்தில், இறந்தவரோடு சேர்த்து யாரோ அதை வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பாதாளம் என்றால் செத்தவர்கள் எல்லாரும் போன இடம், நரகம் அல்ல, யாக்கோபுக்குத் தன் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் போல இருந்தது என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது “மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, பாதாளத்தில் இறங்கினார்” என்ற வரியில் நிறுத்தினாள்.

“அக்கா, அப்போ இயேசு யாக்கோபு இருந்த இடத்துக்குத்தான் போனாரா?”

“ஆமா.”

“எல்லாரும் இருந்த இடத்துக்கா?”

ஆமாம் என்றேன். அவள் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.